பெரியம்மையில் தப்பிய அஸ்டெக் அரசன்: கதை நடுவில் நிற்கிறது, உதவுங்கள்

மாற்று வரலாற்று நாவல் ஒன்று எழுதுகிறேன். நிஜத்தில் க்விட்லாவாக் 1520 கடைசியில், பட்டமேறிச் சில வாரங்களிலேயே, பெரியம்மையில் இறந்தார். என் கதையில் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் முகமெல்லாம் தழும்பு, ஒரு கண் போய்விட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இடம் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான், காலம் 1521 வசந்தம். முன்பு விரட்டப்பட்ட ஸ்பானியப் படைத்தலைவன் கோர்டெஸ் திரும்பி வருகிறான்.

ஸ்பானியத் துறவி சஹாகுன் அஸ்டெக் மக்களைக் கேட்டுத் தொகுத்த நூலில் அம்மை பற்றிய பகுதியைப் படித்தேன். புரண்டு படுக்கக்கூட முடியாமல் அலறினார்களாம். நோய்ப் படுக்கைக் காட்சி அதிலிருந்து வந்துவிட்டது. சிக்கல் அதற்கப்புறம்தான். அரசன் போரில் தன்னை நிரூபிக்க வேண்டிய நாடு அது. 1481-ல் பட்டமேறிய முந்தைய அரசன் டிசோக்கின் முதல் படையெடுப்பே சொதப்பியது, 1486-ல் இறந்தார், விஷம் வைத்ததாகவும் சொல்வார்கள். அதே முடிவை இவருக்கு வைத்துப் பார்த்தேன், கதை அங்கேயே செத்துவிடுகிறது. நிஜத்தில் க்விட்லாவாக்குக்கு அடுத்து அரசனான குவாவ்டெமோக்கைத் தளபதியாக்கினால் அவரே நாயகனாகிவிடுகிறார். எனக்கு இந்த நோயாளி மனிதர்தான் வேண்டும்.

அரசனுக்கு அடுத்த நிலையில் சிவாகோவாட்ல் என்ற பதவி இருந்ததே, அவர் படையையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள, களமிறங்க முடியாத அரசனைப் பிரபுக்கள் அரியணையில் விட்டுவைத்திருப்பார்களா?