கடை வைஃபையைத் திறந்து விடுறதோ, பூட்டுறதோ? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

மாங்குளத்தான்

மாங்குளம் சந்திக்குக் கிட்ட சின்னக் கொமினிகேசன் வச்சிருக்கிறன். போட்டோக் கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், அவ்வளவுதான்.

2020 பங்குனியில பள்ளிக்கூடங்களைப் பூட்டினாப் பிறகு படிப்பெல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயிட்டுது. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்கு இருக்கிற பிள்ளையளுக்குச் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தாலும் டேட்டா போடக் காசில்லை. ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த கையோட ரவுட்டரில பாஸ்வேட்டை எடுத்துவிட்டன். பின்னேரத்தில வாசல் முழுக்கச் சைக்கிள் நிக்கும். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டு, தம்பியைப் பாரில இருத்திக்கொண்டு வரும். ரெண்டு பேருக்கும் ஒரே போன், திரை வெடிச்சது. முதல் தம்பியின்ர பாடம் இறங்கும், பிறகு அதின்ர. கணக்குக் கொப்பியை மடியில விரிச்சுப் படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பிப்போட்டு, நீல டிக் விழுமட்டும் திண்ணையால எழும்பாது.

2022 ஆடி, ஆவணியில, எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம், பம்பில காட்டி எண்ணெய் அடிக்கிற கியூஆர் கோட் வந்திச்சு. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அதுக்கு இணையத்தில பதியிறதுக்கு அடையாள அட்டை இலக்கம், சேசி நம்பர், போனுக்கு வாற ஓடிபி எல்லாம் வேணும். வாகனப் புத்தகத்தைச் சொப்பின் பையில சுத்திக்கொண்டு வந்து நிண்ட ஐயாமாரை எப்பிடித் திருப்பி அனுப்புறது?

போன வருசந்தான் இடி விழுந்தது. ஆரோ என்ர இணைப்பில இருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர படத்தை வச்சுப் போலிக் கணக்கு நடத்தியிருக்கினம். இணைப்பு என்ர பேரில. அதால விசாரிக்க வந்தவை நேர என்னட்டத்தான் வந்தவை. ஆர், எப்ப எண்டு காட்ட என்னட்ட ஒரு பதிவும் இல்லை. அந்தப் பிள்ளையின்ர தாய் கடைக்கு முன்னால நிண்டு அழுதது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அண்டிரவே பாஸ்வேட் போட்டன். பிறகு சனம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அதை மட்டையில எழுதி வாசலில தொங்கவிட்டன். நான் செய்தது சரியோ?

கரடிப்போக்குப் பெடியன்

அண்ணை, மட்டையில எழுதின பாஸ்வேட், படலைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பையும் அதிலயே விட்டது மாதிரி. ஆர் செய்தது எண்டு அதுவும் சொல்லாது. எல்லாருக்கும் ஒரே திறப்புத்தானே.

நான் ரவுட்டர் பொருத்திக் குடுக்கிற வேலை. கிளிநொச்சியில ஒரு தேத்தண்ணிக் கடை, பில்லிலயே பாஸ்வேட் அடிச்சிருப்பினம். சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில ரவுட்டரின்ர செட்டிங் பக்கத்தைப் போனில திறந்து பாத்தன். பேரும் அட்மின், பாஸ்வேட்டும் அட்மின். கடையின்ர கமராப் பெட்டி, பிரின்டர் எல்லாம் வரிசையாத் தெரியுது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்ட மனுசன் முகம் கறுத்துப் போச்சு. அதிலயே இருந்து மாத்திக் குடுத்திட்டு வந்தன்.

வைஃபையைப் பூட்டப் பொதுவா இருக்கிற டபிள்யூபிஏ2 முறையில, பாஸ்வேட் தெரிஞ்ச ஒருத்தர், மற்றவர் இணையிற நேரத்துப் பரிமாற்றத்தைப் பிடிச்சால் அவற்ற போக்குவரத்தையும் பிரிக்கலாம். திறந்த வைஃபையில அந்தப் பாடும் இல்லை, காத்தில அப்பிடியே போகும். 2010இல ஃபயர்ஷீப் எண்டு ஒரு சின்ன மென்பொருள் வந்து, பக்கத்து மேசைக்காரன்ர பேஸ்புக்கை ஒரு கிளிக்கில எடுக்கலாம் எண்டு உலகத்துக்கே காட்டினது. இப்ப பெரிய தளங்கள் எல்லாம் எச்டிடிபிஎஸ் எண்ட மறைச்சு அனுப்புற முறை, எழுதிறது வாசிக்கிறது வெளியில தெரியாது. எந்தத் தளத்துக்குப் போறியள் எண்டது மட்டும் தெரியும். பாஸ்வேட் இல்லாமலே ஆளுக்கொரு திறப்புப் போடுற முறையும் 2018இல வந்திட்டுது. ஆனா ரவுட்டர், போன் ரெண்டுமே அதுக்கு ஏத்ததா இருக்கவேணும், எங்கட சனத்திட்ட இருக்கிற பழைய போனுகளுக்குச் சரிவராது.

அதால, அண்ணை, வாற சனத்துக்குத் தனி விருந்தாளி இணைப்பு ஒண்டு போடுங்கோ. ஒரு போன் மற்றப் போனைப் பாக்காமல் பிரிச்சு விடுங்கோ. வேகத்துக்கும் நேரத்துக்கும் அளவு வையுங்கோ. அட்மின் பாஸ்வேட்டை இண்டைக்கே மாத்துங்கோ. ஞாயிறு வந்து செய்து தாறன், காசு வேண்டாம்.

முள்ளியவளை ரீச்சர்

தம்பிமார், பூட்டுறது கள்ளனை மட்டும் மறிக்கிறேல்லை. என்னட்டப் படிச்ச பிள்ளை ஒண்டு, சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில வந்த இரவு கடை கடையா நிண்டிருக்குது. எல்லா இடமும் பாஸ்வேட். கேட்டால் ஏதாவது வாங்கவேணும், கையில காசில்லை. வெக்கப்பட்டுக் கேக்காமலே வீட்டை போயிட்டுது. அடுத்த நாள் விடிய நான்தான் பாத்துச் சொன்னனான். எட்டுப் பாடம் சித்தி. ஒரு இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்திருக்குது.

மாங்குளத்தான்

தம்பி ஞாயிறு வந்து செய்து தந்திட்டார். மட்டையைக் கழட்டிட்டன். வாசலுக்குத் தனி இணைப்பு, பாஸ்வேட் இல்லை, இரவு ஒன்பதுக்குத் தானா நிக்கும். திரும்ப விசாரணை வந்தால் பயமில்லை எண்டு சொல்லேலாது. அந்தத் தாயின்ர முகமும் மறக்காது. எண்டாலும் திண்ணையில இருந்த அந்தப் பிள்ளையைப் பாத்தவன் நான்.

ரீச்சர், பெறுபேறு வாற அண்டைக்கு ஒன்பது மணிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுறன். வாசல் லைற்றும் எரியும். மாங்குளம் பக்கத்துப் பிள்ளையளுக்குச் சொல்லிவிடுங்கோ.