'லோன் சர்வைவர்': கையில் சாட்டிலைட் போன் இருந்தும் ஏன் கூப்பிட முடியவில்லை?

பெரம்பூர் நிலா:
நேத்து ராத்திரி அப்பாவோட உக்காந்து இந்தப் படத்தைப் பாத்தேன். 2005 ஜூன் கடைசியில ஆப்கானிஸ்தானோட குனார் மலையில நாலு அமெரிக்க நேவி சீல் (கடற்படையோட சிறப்பு அதிரடிப் படை) வீரர்கள் மாட்டிக்கிட்டு, மார்கஸ் லட்ரெல் மட்டும் உயிரோட திரும்பின உண்மைக் கதை. ஆடு மேய்க்கிறவங்களைப் பிடிச்சு, கொல்லாம விட்டுடுற இடத்துலயே எனக்கு வயித்தைப் பிசைய ஆரம்பிச்சுது. அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "அவ்ளோ பெரிய ராணுவம், கையில ரேடியோ இருக்கு, சாட்டிலைட் போன் இருக்கு, ஒரு கால் போகலையா?" எனக்குப் பதில் தெரியல. படத்துக்காகச் சேர்த்ததா, நிஜமாவே அப்படித்தானா? கிராமத்துல நடக்கிற கடைசிச் சண்டையும் நிஜமா? ராணுவத்துல இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

வடபழனி கார்த்தி:
கடைசிச் சண்டை டைரக்டர் பீட்டர் பெர்க் சேர்த்தது. ஜூலை 2 அன்னிக்கு அமெரிக்கப் படை லட்ரெல்லைக் கண்டுபிடிச்சப்ப அப்படி ஒரு யுத்தம் நடக்கல. அவர் இதயம் நின்னு போற சீனும் கற்பனைதான். எதிரிங்க எத்தனை பேர்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. ரேடியோ பத்தி எனக்குத் தெரியாது, ஆவடி ஐயா வந்து சொல்வார்.

ஆவடி சிக்னல்ஸ்:
நிலாம்மா, உங்க அப்பா சரியான இடத்துல கை வச்சிருக்கார். நான் ராணுவத்துல சிக்னல்ஸ்ல, அதாவது தகவல் தொடர்புப் பிரிவுல, இருந்து ஓய்வு பெற்றவன். இது படத்துக்காகச் சேர்த்தது இல்ல.

அவங்ககிட்ட இருந்தது கைக்கு அடக்கமான ரேடியோ செட். அதோட அலை நேர்கோட்டுலதான் போகும், நடுவுல ஒரு முகடு வந்தா அதோட சரி. அந்த சாவ்தலோ சார் மலை 9,000 அடிக்கு மேல, சுத்தி எல்லாம் செங்குத்துப் பள்ளம். சாட்டிலைட் போனுக்கு அந்தத் தொல்லை இல்லையேன்னு தோணும். ஆனா இரிடியம் மாதிரி போனுக்கான செயற்கைக்கோள் தலைக்கு மேல ஒரே இடத்துல நிக்காது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்துல ஓடிக்கிட்டே இருக்கும், பத்து நிமிஷத்துக்குள்ள நம்ம வானத்தைக் கடந்துடும். வெட்டவெளியில இருந்தா உடனே அடுத்தது வந்து பிடிச்சுக்கும். சௌகார்பேட்டையில ஒரு சந்துக்குள்ள நின்னு அண்ணாந்து பாருங்க, எவ்வளவு வானம் தெரியுது? பள்ளத்துல கிடக்கிறவனுக்கும் அவ்வளவுதான்.

காஷ்மீர்ல குப்வாரா பக்கம் நானே பட்டிருக்கேன். மலை ஓடை வெட்டின பள்ளத்தை அங்க நாலான்னு சொல்லுவோம். அதுக்குள்ள இறங்கிட்டா கன்ட்ரோலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுடும், செட்ல இரைச்சல்தான் வரும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் செத்துடும்னு ராத்திரி அதைச் சட்டைக்குள்ள, நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டுத்தான் படுப்போம். கடைசியில ஒரே வழி, செட்டைத் தூக்கிட்டு முகட்டுக்கு ஏறணும். மேல போனா சிக்னல் கிடைக்கும், எதிராளிக்கு நம்ம தலையும் நல்லாத் தெரியும்.

அந்த நாலு பேருக்கும் தலைவரா இருந்த லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி செஞ்சது அதைத்தான். மறைவை விட்டு வெளிய வந்து பேசினார். பேசும்போதே முதுகுல குண்டு பட்டு போன் கீழ விழுந்துடுச்சு. எடுத்துப் பேசி முடிச்சார். அதுக்குத்தான் 2007ல, இறந்த பிறகு, அமெரிக்காவோட மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தாங்க. அந்தக் காட்சியை என்னால உக்காந்து பாக்க முடியல, எழுந்து நின்னுட்டேன்.

இன்னொண்ணு யாரும் பேசறதில்ல. இத்தனை கருவியும் கைவிட்ட கதையில, லட்ரெல் உயிரோட இருக்கார்ங்கிற தகவல் எப்படிப் போச்சு? அவர் ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்தார், கிராமத்துப் பெரியவர் ஒருத்தர் மலை வழியா அதைக் கொண்டுபோய் அமெரிக்க முகாம்ல சேர்த்தார். வழியில தாலிபான் சோதனை போட்டா அந்தக் காகிதம் ஒண்ணே போதும், அவரை அங்கயே முடிச்சிருப்பாங்க. என்னைக் கேட்டா இந்தக் கதையோட சிக்னல்மேன் அவர்தான். துப்பாக்கிச் சண்டைக்குக் கொடுத்த நேரத்துல கால்வாசியாவது அவருக்குக் கொடுத்திருக்கணும்.

திருவல்லிக்கேணி சலீம்:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. லட்ரெல்லுக்கு அடைக்கலம் கொடுத்த கிராமத்துக்காரர் முகமது குலாப் பத்தியும் சொல்லணும். வீட்டுக்கு வந்தவன் எதிரியே ஆனாலும் உயிரைக் கொடுத்துக் காப்பாத்தணும்கிறது பஷ்தூன் மக்களோட வழக்கம், பஷ்தூன்வாலின்னு சொல்லுவாங்க. தாலிபான் வந்து மிரட்டியும் குலாப் லட்ரெல்லை ஒப்படைக்கல. அப்புறம் அவரால சொந்த ஊர்ல இருக்க முடியல, பல வருஷம் கொலை மிரட்டல், கடைசியில குடும்பத்தோட அமெரிக்கா போக வேண்டியதாப் போச்சு. படம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது.

பெரம்பூர் நிலா:
ரொம்ப நன்றி ஐயா. இதை அப்படியே அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அடுத்த கேள்வி கேட்டுட்டார்: மர்ஃபி பேசின பிறகு உதவிக்கு வந்த ஹெலிகாப்டர் ஏன் பாதுகாப்பு இல்லாம வந்துச்சு?

ஆவடி சிக்னல்ஸ்:
பாதுகாப்புக்கு அப்பாச்சிங்கிற தாக்குதல் ஹெலிகாப்டர் கூட வரத்தான் செஞ்சுது. வீரர்களை ஏத்திக்கிட்டு வந்த சினூக் ஹெலிகாப்டர் வேகமாப் பறந்து முன்னாடி வந்துடுச்சு, அப்பாச்சியால கூடவே வர முடியல. கீழ நாலு பேர் செத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்ச பைலட் காத்திருக்க மாட்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீரர்களை இறக்குற நேரத்துல ராக்கெட் குண்டு பட்டு உள்ள இருந்த 16 பேரும் போயிட்டாங்க. 8 பேர் சீல், 8 பேர் ஹெலிகாப்டர் பிரிவு. படம் முடிஞ்சதும் இறந்தவங்களோட நிஜப் போட்டோ வரும். அடுத்த தடவை பாக்கும்போது அப்பாவை அதுவரைக்கும் டிவியை அணைக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா.