அசோலாவில் 25 சதவீதம் புரதமா? யார் போட்ட கணக்கு?

கரும்போரை:
பரண்மேல் ஆடு வளர்ப்பது பற்றிய இன்னொரு திரியில் (விவாத இழையில்) ஒருவர் எழுதியிருக்கிறார்: புண்ணாக்கே தேவையில்லை, குட்டிக்குத் தினம் ஒரு கிலோ அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணி) போதும், அதில் 25 சதவீதம் புரதம் என்று. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த 25 காய்ந்த அசோலாவுக்கு. தொட்டியில் அள்ளுவதில் 93, 94 சதவீதம் தண்ணீர்தான். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் குட்டிக்குக் கிடைக்கும் புரதம் 15 கிராம் இருந்தால் அதிகம். 100 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே 40 கிராம் இருக்கிறது.

பச்சைத்தொட்டி:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே எழுதலாம், பயப்பட வேண்டாம். 25 சதவீதம் நான் கண்டுபிடித்ததல்ல, பயிற்சியில் கொடுத்த கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. என் குட்டிகள் வளர்ந்து நிற்கின்றன, வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கரும்போரை:
உங்கள் குட்டிகள் மேய்ச்சலுக்கும் போகின்றன, மக்காச்சோளமும் தின்கின்றன. அதை நீங்களே அந்தத் திரியில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் மட்டும் அசோலாவுக்கா? ஒரு கிலோவுக்கு 15 கிராம். அவ்வளவுதான்.

பச்சைத்தொட்டி:
காய்ந்தது, ஈரமானது என்பதெல்லாம் ஆய்வகப் பேச்சு. 25 என்றால் 25.

கரிசல்மேய்ச்சல்:
அண்ணே, இரண்டு பேரும் அசோலாத் தொட்டியையும் புண்ணாக்கு மூட்டையையும் விட்டு வெளியே வாருங்கள். வேலிமசால் தீவனச் செடியும் அகத்தியும் வரப்பில் நட்டால் போதும். பச்சையாக ஒரு கிலோ வேலிமசாலில் 50 கிராம் பக்கம் புரதம் வரும். சூபாபுல் மரத்தழை போடுகிறவர்கள் மட்டும் பார்த்துப் போடுங்கள், அதையே வயிறு நிறையக் கொடுத்தால் முடி கொட்டும்.

கரும்போரை:
வேலிமசாலை நான் மறுக்கவில்லை. நன்றாகப் பாருங்கள், இவரும் பச்சை எடைக்குத்தான் கணக்குச் சொல்கிறார். அசோலாவுக்கு மட்டும் ஏன் காய்ந்த கணக்கு?

பரணடி:
கடலைப் புண்ணாக்கைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூசணம். அந்த நஞ்சு ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். எங்கள் ஊரில் புண்ணாக்கு, தானியம் மாதிரி அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டிப் போட்டவர் வீட்டில் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வந்தது. கொழுகொழுவென்று இருந்த குட்டிகள்தான் முதலில் விழுந்தன.

கரும்போரை:
துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்னால் போட வேண்டும். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டையும் செய்யாமல் புண்ணாக்கைத் திட்டுவது என்ன நியாயம்? பூசணம் பிடித்த மூட்டையை வாங்கியது யார்?

பரணடி:
பட்டவனுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டுக் குட்டியா செத்தது?

பச்சைத்தொட்டி:
சரியாகச் சொன்னீர்கள் பரணடி. இவர் வளர்ப்பது கொடி ஆடு. உயரம்தான், சதை எங்கே? தலைச்சேரி ஆடு வளர்க்கிறவனிடம் தீவனம் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

கரும்போரை:
கொடி ஆட்டைத் தொடாதீர்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் வெயிலில் காலையில் கிளம்பி பொழுதுசாய நடந்து மேய்கிற ஆடு அது. உங்கள் தலைச்சேரியை ஒரு வாரம் எங்கள் பக்கம் மேய விடுங்கள், அப்புறம் பேசலாம். அது இருக்கட்டும், ஒரு கிலோவுக்கு 15 கிராம். இதற்குப் பதில் எங்கே?

கரிசல்மேய்ச்சல்:
வெள்ளையில் செந்திட்டு விழுந்த செம்போரையும் கொடி ஆடுதான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எப்போது பார்த்தாலும் கருந்திட்டு விழுந்த கரும்போரைப் பெருமைதான்.

கரும்போரை:
சேர்த்துத்தான் சொன்னேன் தம்பி. பச்சைத்தொட்டி, ஒரு கிலோ அசோலாவைச் சாணி வாடை போக அலசி, பிழிந்து, நிழலில் சருகாகக் காய வைத்துத் தராசில் வையுங்கள். 60, 70 கிராம்தான் மிஞ்சும். படம் எடுத்து இங்கே போடுங்கள்.

பச்சைத்தொட்டி:
அசல் நீளக்காது ஜமுனாபாரி என்று சொல்லி என் மச்சானிடம் கலப்புக் கிடாவை விற்றீர்களே, முதலில் அதன் காது நீளத்தை அளந்து படம் போடுங்கள். தராசு அப்புறம் வரும்.

கரும்போரை:
கிடாவைப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, சம்மதித்துத்தான் ஓட்டிப் போனார். அதற்கும் அசோலாவுக்கும் என்ன சம்பந்தம்? 15 கிராம்.

பச்சைத்தொட்டி:
25 சதவீதம். கையேட்டின் படத்தை நாளைக்குப் போடுகிறேன்.