புதிய பேரிங்கின் ஓடுபாதையில் கோடுகள்: ஸ்டோரில் வைத்த முறையில் தவறா?

கேள்வி

வணக்கம். உதிரிபாக ஸ்டோரைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. சென்ற வாரம் ஒரு பம்பில் புதிய உருளைப் பேரிங் ஒன்றை மாட்டினோம்; ஓட்டிய முதல் மணி நேரத்திலேயே இரைச்சல் எழுந்தது. கழற்றிப் பார்த்தபோது, வெளி வளையத்தின் ஓடுபாதையில், அதாவது உருளைகள் உருண்டோடும் பரப்பில், உருளைகளின் இடைவெளிக்குச் சரியாகக் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அந்தப் பேரிங் இரண்டு ஆண்டுகளாக ரேக்கின் அடித்தட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. சுவருக்கு அப்பால் ஏர் கம்பிரசர் ஓடுகிறது. பேரிங்கின் வகை எண்ணைச் சரிபார்ப்பதற்காக யாரோ உறையைப் பிரித்துப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதே தட்டில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அவற்றை நம்பலாமா?

முதல் பதில்

கோடுகள் வளையம் முழுவதும் உள்ளனவா, ஒரு பக்க வளைவில் மட்டும் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். நிமிர்த்தி வைத்த பேரிங்கில் உள்வளையத்தின் எடை முழுவதும் அடியில் உள்ள சில உருளைகளின் மீது இறங்குவதால், கம்பிரசரின் அதிர்வில் அந்த உருளைகள் ஒரே இடத்தில் நுண்ணளவு அசைந்து அசைந்து, இடையிலிருந்த எண்ணெய்ப் படலத்தை விலக்கி, உலோகத்தைத் தேய்த்துவிடும். 1930களில் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட புதிய கார்களின் சக்கரப் பேரிங்குகள், சாலையைக் காணும் முன்பே இப்படித்தான் கெட்டன.

மாட்டும்போது சுத்தியால் அடித்தாலும் இதே இடைவெளியில் பள்ளம் விழும். ஆகவே லென்ஸ் வைத்துப் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். தொழிற்சாலையில் சாணை பிடித்த மெல்லிய கீற்றுகள் அங்கே இன்னும் தெரிந்தால் அது அடியால் விழுந்த பள்ளம். கீற்றுகள் அழிந்து, செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் அதிர்வுத் தேய்மானம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்டோரையோ ஃபிட்டரையோ குற்றம் சொல்வது நியாயமாகாது.

இரண்டாம் பதில்

அதிர்வோடு ஈரத்தையும் மறந்துவிட வேண்டாம். உருளையும் வளையமும் தொடும் நுண்ணிய இடுக்கில் ஈரம் தங்கி அரித்தாலும் அதே இடைவெளியில்தான் தடம் விழும். ஆனால் அது கருமையாக, விளிம்பு ஒழுங்கற்று, சிறு குழிகளோடு இருக்கும். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி எஃகின்மேலேயே வைத்திருக்கும். கம்பெனி உறையும் உள்ளே பூசிய துருத்தடுப்பு எண்ணெயும்தான் பேரிங்குக்கு உண்மையான பாதுகாப்பு என்பதால், மாட்டும் நிமிடம் வரை பிரிக்கக் கூடாது. வகை எண், பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது. வெறுங்கையின் வியர்வை கூடத் துருவைத் தொடங்கிவைக்கப் போதும்.

ஸ்டோரின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட, அது ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த பேரிங்கைப் பணிமனையின் சூட்டில் உடனே பிரித்தால், குளிர்ந்த எஃகின்மேல் நீர் பூத்துவிடும். சில மணி நேரம் உறையோடு வைத்திருந்து பிறகு பிரியுங்கள்.

கேட்டவர்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடுகள் ஒரு பக்க வளைவில் ஏழு உருளைகளின் அளவுக்கு மட்டுமே உள்ளன. கீற்றுகள் அழிந்திருக்கின்றன, செம்பழுப்புத் தூளும் இருக்கிறது. மற்ற பதினொன்றில் நான்கு சீல் வைத்தவை (உள்ளே கிரீஸோடு, இரு பக்கமும் மூடி வருபவை), உறை பிரிக்கப்படாதவை.

முதல் பதிலளித்தவர்

அப்படியானால் காரணம் அதிர்வுதான். சீல் இல்லாத, திறந்த வகை ஏழையும் ஒவ்வொன்றாக லென்ஸால் பார்த்து, கோடு உள்ளதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்; அதைத் தேய்த்து மெருகேற்றிப் பயன்படுத்த முயல வேண்டாம். சீல் வைத்த நான்கும் வேறு கதை. உள்ளே பார்க்க முடியாது. நாளாக ஆகக் கிரீஸிலிருந்து எண்ணெயும் பிரியும். பெட்டியில் உள்ள தேதியைப் பார்த்து, மூன்று ஆண்டுகளைத் தாண்டியவற்றை முக்கியமான இயந்திரத்தில் மாட்டாதீர்கள். தாண்டாதவற்றையும், மாட்டும் நாளில் உள்வளையத்தை விரலால் மெதுவாகச் சுழற்றி, எங்காவது நெருடுகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். அதே தட்டில் இருந்தவை அல்லவா?

ரேக்கை அந்தச் சுவரிலிருந்து முதலில் மாற்றுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். பேரிங்குகளைப் படுக்கவைத்து, பழையது முதலில் வெளியேறும்படி அடுக்குங்கள். ஸ்டோரில் மாற்று மோட்டார்கள் நின்றுகொண்டிருந்தால் அவற்றுக்கும் இதே கதிதான்: மாதம் ஒருமுறை ஷாஃப்டைச் சில சுற்றுகள் சுழற்றி, முன்பு நின்ற நிலையிலிருந்து விலகிய வேறொரு நிலையில் நிறுத்தி, சாக்பீஸால் குறியிட்டு வையுங்கள்.