மறு: கான்ட்ராபாசிட்டிவ் - ‘மறுப்பு மறுதலை’ சரிவருமா?

> கான்வர்ஸுக்கு ‘மறுதலை’ இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதுமே, மற்றதெல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்.

போதாது ஐயா, கான்ட்ராபாசிட்டிவ், இன்வர்ஸ் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். ‘அ எனில் ஆ’ என்பதை ‘ஆ எனில் அ’ என்று திருப்புவதுதான் கான்வர்ஸ், அதாவது மறுதலை. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் பத்தாம் வகுப்பிலேயே இடிக்கிறது. 5, 6, 8 பக்க அளவுகள் செங்கோண முக்கோணம் ஆகுமா என்று கேட்டால், சத்துவாச்சாரியில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் 25 + 36 = 61, ஆனால் 8-இன் வர்க்கம் 64 என்று சரியாகவே போடுகிறார்கள். கடைசி வரியில் மட்டும் ‘பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலைப்படி இது செங்கோண முக்கோணம் அல்ல’ என்று முடித்துவிடுகிறார்கள். விடை சரி, காரணம் தப்பு. வர்க்கங்கள் பொருந்தினால் செங்கோணம் உண்டு என்பதோடு மறுதலை நின்றுவிடுகிறது. பொருந்தாவிட்டால் என்ன என்று அது வாயே திறப்பதில்லை. இங்கே வேலை செய்வது மூலத் தேற்றம்தான். செங்கோணம் எனில் வர்க்கங்கள் பொருந்தியாக வேண்டும். பொருந்தவில்லை, ஆகவே செங்கோணம் இல்லை. கான்ட்ராபாசிட்டிவ் என்பது இதுவே. அதற்குப் பெயர் தெரியாததால் தெரிந்த பெயரை ஒட்டிவிடுகிறார்கள். (3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பார்க்கிற கொத்தனார்தான் உண்மையில் மறுதலையைப் பயன்படுத்துகிறார்.)

இனி சொல். ‘நேர்மாறு’ வேண்டாம், நேர்மாறு அணி, நேர்மாறு சார்பு என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘எதிர்மறுதலை’ காதுக்கு நன்றாக இருந்தாலும், மறுதலைக்கு எதிரானது என்று பொருள்பட்டுவிடும். நான் சொல்வது ‘மறுப்பு மறுதலை’. இரு பகுதியையும் மறு, இடம் மாற்று, அவ்வளவுதான். எதை முதலில் செய்தாலும் வருவது அதே கூற்று.

இடம் மாற்றாமல் இரு பகுதியையும் மறுக்கிற இன்வர்ஸ்தான் படுத்துகிறது. ‘இருமறுப்பு’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். ஒரே கூற்றை இரண்டு தடவை மறுத்து, பழைய இடத்துக்கே வந்து நிற்பதற்கு அந்தச் சொல் வேண்டும். ‘ஈரிட மறுப்பு’ எப்படி?

கோட்டையை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ‘ஜலகண்டேசுவரர் கோயிலில் இருக்கிறாய் எனில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிறாய்.’ மெய். மறுதலை: கோட்டைக்குள் இருக்கிறாய் எனில் கோயிலில் இருக்கிறாய். பொய், அருங்காட்சியகத்தில் இருக்கலாம். ஈரிட மறுப்பு: கோயிலில் இல்லை எனில் கோட்டைக்குள்ளும் இல்லை. அதே அருங்காட்சியகம் இதையும் பொய்யாக்குகிறது; மறுதலையும் ஈரிட மறுப்பும் எப்போதும் சேர்ந்தே மெய்யாகும், சேர்ந்தே பொய்யாகும். மறுப்பு மறுதலை: கோட்டைக்குள் இல்லை எனில் கோயிலில் இல்லை. மெய். முன்பெல்லாம் ‘ஆம்பூர் எனில் வேலூர் மாவட்டம்’ என்றுதான் நடத்துவேன். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்து ஆம்பூரைத் திருப்பத்தூரோடு சேர்த்ததும் மூலக் கூற்றே பொய்யாகிவிட்டது!

வடிவியலுக்குச் செவ்வகம் போதும். செவ்வகம் எனில் மூலைவிட்டங்கள் சமம். மறுதலையை இருசமபக்கச் சரிவகம் கவிழ்த்துவிடும்.

- சத்துவாச்சாரி கணக்கு வாத்தியார்

---

வாத்தியார் ஐயா, ‘மறுப்பு மறுதலை’க்கு என் ஓட்டு. பிரித்தே எழுதுவோம், ஒட்டினால் தேர்வுத்தாளில் பாதிப் பேர் ‘மறுமறுதலை’ என்பார்கள். ‘ஈரிட மறுப்பு’ மட்டும் ‘இரட்டை மறுப்பு’ என்றே காதில் விழுகிறது. ‘பகுதி மறுப்பு’ என்றால் பாதியை மட்டும் மறுப்பதாகிவிடும், அதுவும் வேண்டாம். ஞாயிறு வரை பார்ப்போம், வேறு சொல் வராவிட்டால் உங்களுடையதையே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

- குடியாத்தத்திலிருந்து