மோட்டார் போட்டாலே மாடி கம்ப்யூட்டரில் நெட் கட்: கேபிளா, ஓஎன்டியா, விண்டோஸா?

மாடிவீடு_கடலூர்

கடலூர் தேவனாம்பட்டினம், கடற்கரை பக்கம். ஃபைபர் கனெக்ஷன், 150 எம்பிபிஎஸ் பிளான். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி (வைஃபையும் இதிலிருந்துதான்) கீழே ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கேபிள் (கேட்6 என்று சொல்லித்தான் போட்டார்கள்) வெளிச்சுவர் வழியாக முதல் மாடி அறைக்குப் போகிறது, நீளம் 28 மீட்டர் சுமார். இரண்டு முனையிலும் நேராக ஆர்ஜே45 பிளக்தான், சுவரில் சாக்கெட் கிடையாது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11, மதர்போர்டிலேயே உள்ள ரியல்டெக் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்.

ஒரு நாளைக்குப் பல தடவை டாஸ்க்பாரில் நெட் இல்லை என்று காட்டும் பூமி உருண்டை ஐகான் வந்துவிடுகிறது. ஐந்து பத்து வினாடியில் தானாகவே சரியாகிறது. போர் மோட்டார் ஸ்விட்ச் போட்டால் கிட்டத்தட்ட நிச்சயம் கட். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். லிங்க் ஸ்பீடு எப்போது பார்த்தாலும் 100/100 என்றுதான் காட்டுகிறது. அதே நேரம் கீழே வைஃபையில் இருக்கும் போன்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கேபிள் போட்டவர் டெஸ்டர் மாட்டிக் காட்டினார், 8 விளக்கும் வரிசையாக எரிகிறது. "கேபிள்ல குறையே இல்ல சார், கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணுங்க" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

லாஸ்பேட்டை_பையன்

ப்ரோ, டிஎன்எஸ்ஸை 8.8.8.8-னு மாத்திப் பாருங்க. சரியாகலன்னா செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ரீசெட். பெரும்பாலும் இதுலயே முடிஞ்சிடும்.

செப்புக்கம்பி

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) இப்போது தொட வேண்டாம். டிஎன்எஸ் மக்கர் பண்ணினால் பக்கம் திறக்காது, அவ்வளவுதான். மோட்டார் போட்ட நேரம் பார்த்து மக்கர் பண்ணாது. ஃபார்மட்டும் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் எந்த இடத்தில் அறுகிறது என்று பிரித்துப் பாருங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் 192.168.1.1-க்கு (உங்கள் ஓஎன்டி முகவரி வேறாக இருந்தால் அது) பிங், அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை; மற்றதில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு பிங். முகவரிக்குப் பிறகு ஒரு இடம் விட்டு ஹைஃபனும் சின்ன டி எழுத்தும் சேர்த்தால், கண்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே மோட்டாரைப் போடச் சொல்லுங்கள்.

இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு கம்ப்யூட்டருக்கும் ஓஎன்டிக்கும் நடுவில். அப்போது "ஜெனரல் ஃபெயிலியர்" என்று வந்தால் லிங்க்கே விழுந்துவிட்டது என்று அர்த்தம். முதல் ஜன்னல் 1 மில்லிசெகண்டில் ஓடிக்கொண்டே இருக்க, இரண்டாவது மட்டும் நின்றால் ஃபைபர் பக்கம். அப்போதுதான் எல்ஓஎஸ் விளக்கு (ஃபைபர் சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பா, ஓஎன்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) -27 டிபிஎம்மை நெருங்குகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கி ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகும் வீடுகளும் உண்டு. ஆனால் அப்படியானால் திரும்பி வர ஓரிரண்டு நிமிடம் பிடிக்கும், கீழே வைஃபையும் சேர்ந்து போகும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்போது அந்த 100. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட்டாக இருந்தும் 100-ல் உட்காருகிறது என்றால், கம்ப்யூட்டரின் போர்ட் கிகாபிட்டுக்கு முயன்று, முடியாமல் கீழே இறங்கியிருக்கிறது. சில ஓஎன்டிகளில் ஒரு லேன் போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. அதனால் போர்ட்டை மாற்றிப் பார்த்துவிடுங்கள். ஒரு லேப்டாப்பை கம்பெனி பேட்ச் கார்டில் (இரு முனையிலும் பிளக்கோடு ரெடிமேடாக வரும் கேபிள்), ஒன்றிரண்டு மீட்டர் நீளம் போதும், ஓஎன்டியில் நேராக மாட்டி 1000 காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் குற்றவாளி சுவரில் ஓடும் கேபிள்தான்.

டெஸ்டர் விளக்கை நம்பாதீர்கள். கடையில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தப் பெட்டி, இந்த முனையின் 3 அந்த முனையின் 3-க்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, கிளிப் அடியில் போக, தங்க நிறப் பின்கள் மேலே தெரிய, கேபிள் உங்கள் பக்கம் வரும்படி பிடியுங்கள். இடது ஓரம்தான் 1. அங்கிருந்து வலது பக்கமாக எட்டு நிறத்தையும் எழுதிப் போடுங்கள். இரண்டு முனைக்கும்.

டிவைஸ் மேனேஜரில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் "ஆட்டோ"விலேயே இருக்கட்டும். கட்டாகிறதே என்று 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிப்போட்டால், ஆட்டோவில் இருக்கும் ஓஎன்டி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறை) போய்விடும். லிங்க் இருக்கும், வேகம் இருக்காது. எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்ற மின்சேமிப்பு வசதிகள் இரண்டையும் அணைத்து வையுங்கள், பவர் மேனேஜ்மென்ட் டேபில் உள்ள டிக்கையும் எடுங்கள். ரியல்டெக்கில் இவை சும்மா இருக்கும் நேரத்தில் லிங்க்கை விழவைப்பதுண்டு. உங்களுக்குக் காரணம் இதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

உப்புக்காத்து_பாண்டி

பிளக்கைக் கையில் எடுக்கும்போதே இன்னொன்றும் பாருங்க. முனையிலிருந்து ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டணும். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி பளபளன்னா அது சிசிஏ, அதாவது செம்பு முலாம் பூசின அலுமினியம். இரண்டு மூணு தடவை மடக்கினாலே ஒடிஞ்சிடும். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல. கேட்6 தரமே முழுச் செம்பைத்தான் ஒத்துக்கும், ஆனா "கேட்6"னு அச்சடிச்ச சிசிஏ பெட்டி பெட்டியா விக்குது.

கடலோரத்துல இது இன்னும் வேகமா கெடும். பின்னுல பச்சை பூத்திருந்தா செம்பு அரிச்சிருக்கு. வெள்ளைப் பொடி கொட்டினா அலுமினியம். பச்சை பூத்த பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டாதீங்க, தங்க முலாம் போன இடத்துல திரும்பவும் பூக்கும். வெட்டிப் போட்டுட்டுப் புதுசு அடிங்க. கேபிளிலும் ஒரு சாண் சேர்த்தே வெட்டுங்க, ஈரம் உறைக்குள்ள ஏறியிருக்கும்.

சாம்பல் பிவிசி உறை வீட்டுக்குள்ள போடுறது. வெளிச்சுவர் வெயில்ல வெடிச்சு, வெடிப்பு வழியா தண்ணி இறங்கும். மழைக்கு மறுநாள் மோசம்னு நீங்க சொல்றது இதோட ஒத்துப்போகுது. ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல கொட்டின ஊர்க்காரன் சொல்றேன்: வெளியே ஓடுறது கறுப்பு பாலிஎத்திலீன் உறை போட்ட அவுட்டோர் கேபிளா இருக்கணும். சுவர் ஓட்டை வெளிப்பக்கம் சரிவா இருக்கணும். உள்ளே நுழையற இடத்துக்கு முன்னாடி கேபிளை ஓட்டைக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏத்துங்க, தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிடும். மிச்ச இடைவெளிக்கு சிலிக்கான்.

மோட்டார் ஒயர் போற பைப்புக்கும் இதுக்கும் ஓரடியாவது இடைவெளி இருக்கட்டும். குறுக்கே போய்த்தான் ஆகணும்னா நேர்செங்குத்தா தாண்டணும், கூடவே ஓடக்கூடாது.

மாடிவீடு_கடலூர்

பிங் பார்த்தேன். மோட்டார் போட்டதும் இரண்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் ஜெனரல் ஃபெயிலியர். லேப்டாப்பை ஓஎன்டியில் நேராக மாட்டினால் 1000/1000. சுரண்டிப் பார்த்ததில் உள்ளேயும் செம்புதான். மாடி முனை பின்களில் லேசாகப் பச்சை.

நிறங்கள், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஒழுங்காகத்தானே இருக்கிறது?

செப்புக்கம்பி

பார்க்க ஒழுங்கு, அதுதான் கோளாறு. இதை ஸ்ப்ளிட் பேர் என்பார்கள்.

ஈதர்நெட்டில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் வர வேண்டும். உங்கள் பிளக்கில் 3-ல் வெள்ளை-பச்சை, 6-ல் நீலம்; இரண்டும் வேறு வேறு முறுக்கு. ஒரே முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பியும் வெளி இரைச்சலைச் சமமாக வாங்கும், போர்ட் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கு மாறினால் கழியாது. 100-ல் 3-6 தான் கம்ப்யூட்டர் தகவல் வாங்கும் ஜோடி, அதனால் மோட்டார் கிளம்பும் அதிர்ச்சி நேராக அதில் ஏறுகிறது. கிகாபிட்டில் 3-6-ம் 4-5-ம் ஒன்றின் மேல் ஒன்று பேசி, லிங்க்கே நிற்காமல் போகிறது. ஓரிரு மீட்டர் கேபிளில் இப்படி அடித்தாலும் ஓடிவிடும். 28 மீட்டரில் மாட்டிக்கொள்ளும்.

சரியான வரிசை, டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதுவே.

உறையை 3 செ.மீ. அளவுக்கு உரித்து, உள்கம்பியில் கீறல் விழாமல் பாருங்கள். வரிசைப்படுத்தி, உறை விளிம்பிலிருந்து 12 அல்லது 13 மில்லிமீட்டர் விட்டு நேராக வெட்டுங்கள். அதற்கு மேல் முறுக்கு அவிழக்கூடாது. உள்ளே தள்ளியதும் பிளக்கின் முகப்பில் எட்டு செம்புப் புள்ளியும் தெரிய வேண்டும், வெளியுறை பிளக்குக்குள் ஏறி, பிளக்கின் பின்பக்கம் கேபிளை அழுத்திப் பிடிக்கும் ஆப்புக்கு அடியில் கடிபட வேண்டும். உறை வெளியே நின்றால் இழுபடும் ஒவ்வொரு தடவையும் பின் தளரும். உங்கள் கேபிள் ஒற்றைக் கம்பி ரகம், பிளக்கும் அதற்கானதாகக் கேட்டு வாங்குங்கள். பல இழைக் கம்பிக்கான பிளக்கின் பல் இதில் சரியாக உட்காராது. மாடியில் முடிந்தால் சுவரில் கீஸ்டோன் ஜாக் (லேன் சாக்கெட்) வைத்து, அங்கிருந்து கம்ப்யூட்டருக்குப் பேட்ச் கார்டு போடுங்கள்.

மாடிவீடு_கடலூர்

இரண்டு முனையும் வெட்டி அடித்தாயிற்று. 1000/1000. மோட்டார் ஓடும்போதும் பிங்கில் ஒன்றுகூட விழவில்லை. நன்றி சார்.

டிவிக்கும் வேண்டும் என்று மாடியில் ஒரு பழைய ரௌட்டரை நடுவில் போட்டேன். கம்ப்யூட்டரில் மறுபடி 100 காட்டுகிறது. அதோடு 192.168.1.1 அடித்தால் ஒரு நேரம் ஓஎன்டி பக்கம், ஒரு நேரம் பழைய ரௌட்டர் பக்கம் வருகிறது. அப்போதெல்லாம் நெட் தொங்குகிறது.

செப்புக்கம்பி

100 வருவது இந்தத் தடவை கேபிளால் அல்ல, பழைய ரௌட்டரின் போர்ட்டே 100 ஆக இருக்கும்.

தொங்குவதற்குக் காரணம் இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி, இரண்டுமே மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடுகின்றன (இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி). பழைய ரௌட்டரைத் தனியாக கம்ப்யூட்டரில் மாட்டி, அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை அணையுங்கள். ஓஎன்டியின் டிஎச்சிபி 2-லிருந்து கொடுக்க ஆரம்பித்தால், ஆரம்ப எண்ணை 10 என்று தள்ளிவையுங்கள். பிறகு சுவர்க் கேபிளை அதன் லேன் ஓட்டை ஒன்றில் மாட்டுங்கள், வேன் (WAN, இன்டர்நெட் வரும்) ஓட்டையில் அல்ல.

மாடியில் வைஃபை தேவையில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போதும், செட்டிங் எதுவும் கிடையாது.

உப்புக்காத்து_பாண்டி

ஐப்பசி, கார்த்திகையில இடி இறங்கற நேரம் மாடி முனை, கீழ் முனை இரண்டையும் உருவி வையுங்க. வெளிச்சுவர்ல ஓடுற செம்புல ஏறுற சர்ஜுக்கு பிளக் பாயின்ட் ஸ்விட்சை அணைச்சு பிரயோஜனமில்ல, லேன் போர்ட் வழியாவே உள்ள வரும்.