வேட்டைப் பருவமும் வழிகாட்டி நாய்க்குட்டியும் ஒரே வீட்டில்: நேரம், சத்தம், வாடை எப்படிச் சமாளிப்பது?

பரண்வாசி (கேள்வி)

வணக்கம். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் அமைப்பு ஒன்றில் குட்டி வளர்த்துத் தர விண்ணப்பிக்கப் போகிறோம். எட்டு வார லேப்ரடார் குட்டி வரும், ஒன்றரை வயதுக்குள் பயிற்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டில் மனைவி (வேலைக்குப் போகிறவர்), 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போவது என் வழக்கம். பருவம் ஆறு வாரம். வார இறுதியில் விடியலுக்கு முன் கிளம்பி, சுட்டதை வீட்டுக் கொட்டகையிலேயே தோலுரித்துக் கூறு போடுவேன்.

தெரிய வேண்டியவை: குட்டியை எந்த நேரத்தில் வாங்கினால் பருவத்தோடு மோதாது? துப்பாக்கிச் சத்தத்துக்குச் சின்னதிலேயே பழக்கிவிடலாமா, கூடக் கூட்டிப் போகலாமா? மான் எலும்பு, கொம்பு கடிக்கத் தரலாமா? நான் காட்டில் இருக்கும்போது பிள்ளைகளும் குட்டியும் சேர்ந்து மனைவி தலையில் விழாமல் இருக்க என்ன வழி?

மஞ்சள்லேப்

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் திருத்த முடியாத தவறு நடக்கும். கூட்டிப் போகாதீர்கள். சுடும் பயிற்சி மைதானத்துக்கும் வேண்டாம், வண்டிக்குள் உட்கார வைத்தாலும் வேண்டாம்.

காரணம் இரண்டு. ரைஃபிள் வெடிக்கும்போது பக்கத்தில் 150 டெசிபெலுக்கு மேல் போகும். 140 தாண்டினாலே ஒரே வெடியில் உட்காது பழுதாகலாம். சைலன்சர் போட்டாலும் 20 முதல் 30 டெசிபெல்தான் குறையும். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு பயம் மனதில் பதிந்தால் போதும். சாலையில் டயர் வெடித்தால் உறைந்து நிற்கிற நாயை நம்பி யாரும் தெருவைக் கடக்க முடியாது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தோன்றாது. வேட்டை நாயைச் சத்தத்துக்குப் பழக்கும்போது என்ன சொல்லித் தருகிறோம்? வெடித்தால் ஏதோ விழும், தேடு என்று. பயப்படாமல் பழகிவிட்டது என்று நீங்கள் மகிழ்கிற குட்டி, உண்மையில் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி இரை தேடக் கற்றிருக்கும். வழிகாட்டி நாய்க்கு அது பயத்தைவிட நல்லதல்ல. ஓடுகிற விலங்கின் பின்னால் கவனம் போவது, தரையில் கிடப்பதைப் பொறுக்குவது, பயம் இந்த மூன்றுமே நாய்கள் பயிற்சியிலிருந்து கழிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள்.

இடி, பட்டாசு மாதிரிச் சத்தங்களுக்குப் பழக்கலாம், அதுவும் அமைப்பின் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு. பதிவு செய்த ஒலியை உங்கள் காதுக்கே கேட்டும் கேட்காத அளவில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு புள்ளி கூட்டுங்கள். குட்டி தின்பதை நிறுத்தினால், வாலை ஒடுக்கினால், சும்மா சும்மா கொட்டாவி விட்டால் அளவு மிஞ்சிவிட்டது. இரண்டு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள். "தாங்கிக்கும்" என்று விடுவதுதான் கெடுக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு கட்டத்தில், நேற்று வரை பொருட்படுத்தாத குப்பைத் தொட்டியைக் கண்டே மிரளும். அந்த வாரங்களில் புதிய சத்தம் எதையும் சேர்க்காதீர்கள்.

கவுட்டிக்கிளை

எப்போது வாங்குவது என்பதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவம் முடிந்த வாரமே குட்டி வந்தால் அதற்கு வயது இரண்டு மாதம். அடுத்த பருவம் தொடங்கப் பத்தரை மாதம் இருக்கிறது. அப்போது வயது பன்னிரண்டரை மாதம். இரவு முழுக்கத் தூங்கும், நாலைந்து மணி நேரம் தனியே இருக்கும், சொன்னால் பாயில் படுக்கும். ஒப்படைப்பதற்குள் ஒரே ஒரு பருவம்தான் குறுக்கே வரும், அதுவும் வளர்ந்த நாயோடு.

பருவத்துக்கு நாலைந்து மாதம் முன்பே வாங்கி "வளர்ந்துவிடும்" என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது குட்டிக்கு ஆறேழு மாதம், சொன்ன பேச்சு கேட்காத விடலைப் பருவம். எட்டு வாரக் குட்டியாவது முக்கால்வாசி நேரம் தூங்கும்.

குட்டி எப்போது பிறக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அமைப்பு தரும், நாளை நீங்கள் குறிக்க முடியாது. "இந்தத் தேதிக்கு முன் வேண்டாம்" என்று விண்ணப்பத்திலேயே எழுதலாம். வேட்டையை மறைக்காதீர்கள். ஆறு வாரத் தேதிகளையும் அப்போதே கொடுத்துவிட்டால் மாற்றுப் பராமரிப்பாளரை ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் எளிது.

இனி உங்கள் நாலாவது கேள்வி. காட்டுக்குப் போகிற நேரம் வீட்டில் சண்டையைக் கொண்டுவருவதில்லை. எப்போது திரும்புவோம் என்று தெரியாததுதான் கொண்டுவருகிறது. காலை வேட்டையில் எது தப்பினாலும் பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. மாலை அப்படி இல்லை.

மாலைக் கணக்கு இது. நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்ட மான் பெரும்பாலும் நூற்றைம்பது மீட்டருக்குள் விழும். அரை மணி காத்திருப்பு, தடம் பார்ப்பது, குடல் எடுக்க அரை மணி, இழுத்து வண்டியில் ஏற்றுவது, ஆக இரண்டு மணி நேரம். ஈரலில் பட்டிருந்தால் நாலு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குடலில் பட்டால் ஆறு முதல் பன்னிரண்டு. அவசரப்பட்டுத் தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து ஓடும், பிறகு ரத்தத் தடமே இருக்காது. அதாவது மாலை 6 மணிக்கு ஒரு மோசமான வெடி என்றால் நடுநிசி, அல்லது மறுநாள் காலை. வீட்டில் மனைவி மறுநாள் வேலைக்குக் கிளம்ப வேண்டும், குட்டிக்கு 6:30க்கு வெளியே போக வேண்டும்.

அதனால் கெடு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டிய நாளில், பயண நேரமும் இரண்டு மணியும் கழித்து வருகிற நேரத்துக்குப் பிறகு எவ்வளவு பெரிய கொம்பன் வந்தாலும் சுடக் கூடாது. பக்கவாட்டில் முழுசாக நிற்கும்போது மட்டும், உறுதியாகப் படும் தூரத்தில் மட்டும். இது மானுக்கும் நல்லது. மறுநாள் வேலை எதுவும் இல்லையென்றால் மட்டும் மாலையில் பரணில் (மானுக்காகக் காத்திருக்கும் உயர மேடை) உட்காருங்கள்.

விடியல் கிளம்பலில் ஒரு சின்ன விஷயம். உடை, பூட்ஸ், பை எல்லாம் முதல் நாளே கொட்டகையில் இருக்கட்டும். குட்டியின் கூண்டைத் தாண்டி நடக்காதீர்கள். எழுந்துவிட்டால் வெளியே கூட்டிப்போய், வேலை முடிந்ததும் பேசாமல் திரும்பக் கூண்டில் விடுங்கள். சாப்பாடு வழக்கமான நேரத்தில்தான். 4:30க்கு ஒரு பிடி தீனி கொடுத்தீர்களானால் அடுத்த வாரம் தினமும் 4:30க்குக் குரைக்கும், நீங்கள் காட்டில் இருப்பீர்கள், எழுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பரண்வாசி

நன்றி, மாலைக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்: ரத்தத் தடம் தேடும் வயதான நாய் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அது குட்டியைக் கெடுக்குமா?

மஞ்சள்லேப்

வீட்டுக்குள் பெரும்பாலும் உதவியே செய்யும், வயதான நாயிடம் குட்டி அடக்கம் கற்கும். வெளியேதான் சிக்கல். தடம் நாய் மூக்கைத் தரையில் வைத்து இழுத்து நடக்கும், குட்டி அப்படியே காப்பியடிக்கும். இருவரையும் தனித்தனியாக நடத்துங்கள். புதருள்ள இடத்தில் இரண்டையும் சேர்த்து அவிழ்த்துவிடாதீர்கள். தடம் நாயின் பயிற்சிக்காகத் தோலைத் தரையில் இழுத்துத் தடம் போடுகிற வேலையைக் குட்டி பார்க்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு நாய் இருப்பதை அமைப்பிடம் முதலிலேயே சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

வார இறுதிக்கு ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: கடைசியாக எப்போது வெளியே போனது, காலைத் தீனி எத்தனை கிராம், மலம் எப்படி, அன்று குட்டிக்குப் பயிற்சி ஜாக்கெட் போட்டு எங்கே பதினைந்து நிமிடம் பழக்குவது. நீங்கள் இருக்கும் ஐந்து நாளும் காலையில் குட்டியின் வேலை முழுக்க உங்களுடையது என்று எழுதி வையுங்கள். நீங்கள் காட்டில் இருக்கும் அளவுக்கு மனைவிக்கும் காலி நேரம் அதே நாட்காட்டியில் குறிக்கப்பட வேண்டும். ஆறு வாரத்தில் இரண்டு வார இறுதியாவது குட்டியை மாற்றுப் பராமரிப்பாளரிடம் விடுங்கள். குட்டிக்கும் புதுவீட்டுப் பழக்கம் தேவை, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

நாலு வயதுப் பிள்ளை சாப்பிடும்போது குட்டி கூண்டிலோ தடுப்புக்கு அந்தப் பக்கமோ இருக்கட்டும். கையிலிருந்து விழும் ஒவ்வொரு துண்டும் "தரையில் கிடப்பது தின்னத்தான்" என்ற பாடம்.

கொட்டகைக்காரன்

கறி, எலும்பு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பச்சைக் கறி, குடல், ஈரல், நுரையீரல் எதுவும் நாய் வாய்க்குப் போகக் கூடாது. மான் நுரையீரலிலும் ஈரலிலும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் நீர்க்கட்டி இருக்கலாம். அதைத் தின்ற நாய்க்குள் புழு வளர்ந்து முட்டை மலத்தில் வரும். நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். முட்டை பிள்ளைகள் கைவழியே வயிற்றுக்குப் போனால் மனிதர் ஈரலில் கட்டி. அதுபோக, அமைப்பு தருகிற தீனியைத் தவிர வேறு கொடுக்கக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் விதி, தடம் நாய்க்குப் போடும் துண்டும் இதற்குக் கூடாது.

கொம்பு: வேண்டாம். மேல் தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பலகை மாதிரிப் பிளந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கத் தராதீர்கள், இதுதான் கணக்கு. குளம்பும் கால் எலும்பும் அப்படியே.

ஈயத் தோட்டா உடைந்து துகள்கள் காயத்திலிருந்து ஒரு சாண் தாண்டியும் சிதறும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டாது. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், கொத்துக்கறிக்குச் சேர்க்காதீர்கள், அரைத்தால் துகள் மொத்தத்திலும் பரவும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டுக்கு முழுச் செப்புத் தோட்டாதான் சரி. ஈயத்தைவிட விலங்கில் கொஞ்சம் குறைவாக விரிவதால் தோளுக்குப் பின்னால் குறி தவறாமல் வைக்க வேண்டும், ரைஃபிளையும் அதற்கென மறுபடி குறிபார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெட்டி எறிந்ததை மூடியிறுகும் தொட்டியில் போடுங்கள், குப்பைப் பையில் அல்ல. லேப்ரடார் குப்பைப் பையைப் பரிசாகத்தான் பார்க்கும்.

கூறு போடுவது ஒற்றை ஆளுக்கு ஒரு மானுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் குட்டி வெளியே நடைப்பழக்கத்துக்குப் போயிருக்கட்டும். கொட்டகை வாசலில் கட்டிப்போடாதீர்கள், மணி நேரக்கணக்கில் மான் வாடையை முகர்ந்து நிற்பதும் பாடம்தான். குளிரறை இல்லையென்றால் தொங்கவிட ஆசைப்பட வேண்டாம்: 0 முதல் 4 டிகிரிக்குள் நிற்காத கொட்டகையில் அன்றே பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். முடிந்ததும் தரையை முதலில் சோப்புத் தண்ணீரில், பிறகு வெந்நீரில் கழுவுங்கள். நேரே வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து சிமெண்டில் ஒட்டும், வாடை மாதக்கணக்கில் நிற்கும்.

உண்ணி: வேட்டை உடையை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் துவைக்காமல் நேரே உலர்த்தியில் அதிக சூட்டில் பத்து நிமிடம். முதலில் துவைத்தால் தண்ணீர் நன்றாகச் சூடாக இல்லாதவரை உண்ணி சாகாது. குட்டிக்கு உண்ணி மருந்து அமைப்பு சொன்னது மட்டும், தடம் நாயின் மருந்தைப் பங்கு போடாதீர்கள்.

துப்பாக்கி வீட்டுப் படியேறும் முன்பே காலி, உடனே பெட்டகத்தில், தோட்டா வேறு பூட்டில். சுத்தம் செய்யும் திரவமும் ஈயக் கரியும் உள்ள கையைக் கழுவாமல் குட்டியையோ பிள்ளையையோ தூக்காதீர்கள்.

கவுட்டிக்கிளை

வாடை என்றதும் நினைவு வந்தது. வேட்டைக்காரர்கள் எல்லோரும் கேட்பது, நாய் முடி ஒட்டிய உடையோடு போனால் மான் மோப்பம் பிடிக்காதா என்று. பிடிக்கும், உங்களையும்தான் பிடிக்கும். காற்று எதிரே வருகிற பரணில் ஏறுங்கள், பாதிக் கவலை போய்விடும். மூடியுள்ள பெரிய டப்பா ஒன்றில் வேட்டை உடையையும் பூட்ஸையும் போட்டுக் கொட்டகையிலேயே வையுங்கள். மானைக் கவர வைத்திருக்கும் மான் மூத்திர வாசனைப் புட்டி, மானின் பின்னங்கால் மூட்டு வாசனைச் சுரப்பி எதுவும் வண்டிக்குள் சிந்தக் கூடாது. குட்டியின் கூண்டு ஏறும் அதே பின்பகுதியில் மானை ஏற்றினால், அடுத்த நாள் பயிற்சி வகுப்புக்குப் போகும் வழி முழுக்க அது மூக்கைத் தூக்காது. விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி அதில் மட்டும் ஏற்றுங்கள், தட்டை வீட்டில் இறக்கியதுமே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.